வாசகர் கேள்வி-பதில்: வெள்ளம் கேட்கும் பிள்ளை

பள்ளி திறந்து இரண்டு மாதம் ஆகிறது. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி, வாளையாறு தொடங்கிக் களியக்காவிளை வரை, எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள ஒன்றாம் வகுப்புகளைப் பற்றியது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: என் வகுப்பில் 22 பேர். நான்கு பிள்ளைகளுக்கு வீட்டில் மலையாளம். அதில் ஒருவன் ஜூனிலிருந்து வாயே திறக்கவில்லை. ‘இரு’ என்றால் சட்டென்று உட்கார்ந்துவிடுகிறான். காது மந்தமோ, புத்தி மந்தமோ என்று சந்தேகமாக இருக்கிறது.
– ஆசிரியை, வாளையாறு அருகே தமிழகப் பள்ளி

பதில்: இரண்டும் இல்லை, டீச்சர். மலையாளத்தில் ‘இரி’ என்றால் உட்கார் என்று பொருள். நீங்கள் ‘கொஞ்சம் பொறு’ என்று நினைத்து ‘இரு’ என்றீர்கள். அவன் கேட்டபடி செய்தான். காது சரியாக இருப்பதற்கு அதுவே அத்தாட்சி. ஐயம் தீர வேண்டுமென்றால், அவன் பார்க்காதபோது பின்னாலிருந்து வழக்கமான குரலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பாவிட்டால்தான் காது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இன்னொன்றையும் அம்மாவிடம் கேளுங்கள்: வீட்டில் மலையாளத்தில் வாய் ஓயாமல் பேசுகிறானா? பேசினால் கவலையே வேண்டாம். புது மொழிக்குள் நுழையும் குழந்தை சில வாரம், சில வேளை சில மாதம்கூட, கேட்டுக்கொண்டே இருக்கும். வீட்டிலும் பேசவில்லை என்றால் குழந்தை மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் கற்க வேண்டியது நீங்கள்தான். ஏழெட்டுச் சொல் போதும். ‘வெள்ளம்’ என்றால் குடிக்கத் தண்ணீர். ஆற்றில் வெள்ளம் வந்த கதை இல்லை. ‘விசப்பு’ பசி. ‘வயறு வேதன’ வயிற்று வலி. ‘பேடி’ பயம். ‘மூத்ரம் ஒழிக்கணம்’ என்பதைப் புரிந்துகொள்ளாமல் விட்டால் பெஞ்சு நனையும். அதன்பிறகு அந்தப் பிள்ளை ஒரு மாதம் பேசாது. சாப்பாட்டு வேளையில் ‘மதி’ என்றால் போதும் என்று பொருள். அது தெரியாமல் ஆயாம்மா இன்னொரு கரண்டி சோறு வைப்பார், பிள்ளை அழும். ‘பட்டி’ என்றால் நாய். கோவை, பொள்ளாச்சிப் பக்கம் சில ஊர்ப்பெயர் ‘பட்டி’ என்று முடிவதைக் கேட்டு இந்தப் பிள்ளைகள் சிரித்தால், காரணம் அதுதான்.

பிறகு, பேசவேண்டிய தேவையே இல்லாத விளையாட்டில் தொடங்குங்கள். நாளுக்கு ஐந்து கட்டளை: நில், உட்கார், குதி, தொடு, கொண்டு வா. நீங்களும் செய்துகொண்டே சொல்லுங்கள். நான்காம் நாளிலிருந்து செய்யாமல் சொல்லுங்கள். அடுத்த படி ‘எங்கே? காட்டு’. இதற்கு இரண்டு மொழிக்கும் பொதுவான சொற்களாக எடுங்கள்: கண், மூக்கு, கை, பூ, மரம், மழை, பால், ஆடு, மீன், வீடு. காட்டத் தெரிந்ததும் ‘இது ஆடா, மீனா?’ என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். ‘இது என்ன?’ என்ற திறந்த கேள்வி கடைசியில்தான்.

கெடுப்பது எது என்றால், முதல் சொல் வந்தவுடன் திருத்துவது. ‘மழ’ என்பான். ‘ஆமாம், மழை வருது’ என்று சரியான வடிவத்தை உங்கள் வாயால் சொல்லி அடுத்த வேலைக்குப் போய்விடுங்கள். எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி ‘சொல்லு, சொல்லு’ என்பதும், பேசியதற்குக் கைதட்டச் சொல்வதும் ஒரே அளவு கெடுதல். இரு மொழியும் தெரிந்த ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆனால் அவள் முழுநேர மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டால் இவன் வாய் திறக்கத் தேவையே இருக்காது. வாரம் ஒருமுறை இடம் மாற்றுங்கள்.

கேள்வி: மகள் தமிழ்வழிப் பள்ளியில் படிக்கிறாள். மலை, தலை, கதை எல்லாவற்றையும் ‘மல, தல, கத’ என்றே எழுதுகிறாள். மிஸ் பத்துத் தடவை எழுதச் சொல்கிறார். போதாக்குறைக்கு அவள் தாத்தா எழுதிக்காட்டும் ‘லை’ புத்தகத்தில் இருப்பது போலவே இல்லை.
– ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

பதில்: மகள் காதில் விழுவதை அப்படியே எழுதுகிறாள், அம்மா. மலையாளத்தில் மல, தல, கத என்றுதான் சொல். நம் பேச்சுத் தமிழிலும் கடைசி ஐ முழுதாக ஒலிப்பதில்லை. சொல்லின் இறுதியில் ஐ இரண்டு மாத்திரையிலிருந்து ஒன்றாகக் குறைவதை இலக்கணமே ‘ஐகாரக் குறுக்கம்’ என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே இது கைத்தவறு இல்லை, காதுக்குப் பழக்கம் இல்லாத வேறுபாடு. பத்துத் தடவை ‘மலை’ எழுதினால் கை பழகும். அடுத்த நாள் ‘வலை’ என்று சொன்னால் மறுபடி ‘வல’தான் வரும்.

ஒலியால் பொருள் மாறும் சோடிகளை எடுங்கள். நட – நடை. கட – கடை. பட – படை. தட – தடை. ‘நட’ என்றால் இரண்டு அடி நடக்க வேண்டும். ‘கடை’ என்றால் மளிகைக்கடைப் படத்தைத் தொட வேண்டும். இறுதி ஐயைக் கொஞ்சம் இழுத்து, வாய் அகலுவது தெரியும்படி சொல்லுங்கள். குழந்தை உங்கள் உதட்டைப் பார்க்கட்டும். மூன்று நாள் எழுத்தே வேண்டாம். நான்காம் நாள் இரண்டு தீப்பெட்டி: ஒன்றின் மேல் ‘அ’, மற்றதன் மேல் ‘ஐ’. நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு புளியங்கொட்டையைச் சரியான பெட்டியில் போட வேண்டும். பத்துச் சொல்லில் எட்டுச் சரியாக விழுந்தபிறகு பென்சில் எடுக்கலாம்.

தாத்தா எழுதுவது தப்பில்லை, பழையது. 1978-ல் தமிழக அரசு 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. ணை, லை, ளை, னை ஆகிய நான்குக்கும் யானைத் துதிக்கை போல மேலே வளைந்த வடிவம் இருந்தது. ணா, றா, னா போன்றவற்றுக்கும் தனி உருவம் இருந்தது. அதற்கு முன் படித்தவர் கை அப்படித்தான் ஓடும். வீட்டில் சொல்லித்தரும் வேலையைத் தாத்தாவிடமிருந்து பிடுங்க வேண்டாம். கதை சொல்வதையும் சோடி விளையாட்டையும் அவரிடம் கொடுங்கள், எழுதிக்காட்டுவதை மட்டும் நீங்கள் செய்யுங்கள்.

கேள்வி: கா, கி, கீ வரை வேகமாக வருகிறார்கள். கெ, கே, கொ, கோ வந்தால் எல்லோரும் திணறுகிறார்கள். ‘கொடி’ என்பதை ஒருவன் ‘கெ…கா…டி’ என்று படிக்கிறான். இதற்கு என்ன செய்வது?
– ஒன்றாம் வகுப்பு ஆசிரியர், வேலந்தாவளம்

பதில்: ‘கெ…கா…டி’ என்று படிப்பவன் மிகவும் ஒழுங்கான பையன். கண்ணால் பார்த்ததை இடமிருந்து வலமாக வரிசைப்படி ஒலிக்கிறான். இதுவரை நீங்கள் தந்த எழுத்துகளில் குறி வலப்பக்கத்திலோ மேலேயோ இருந்தது. மெய் முதலில், உயிர் பின்னால். கொம்பு வந்ததும் கண்ணுக்கு முதலில் தெரிவது, காதுக்குக் கடைசியில் வருகிறது. கொ, கோவில் குறி இரண்டு பக்கமும் உடைந்து நிற்கிறது. இந்தத் தலைகீழை யாரும் வாய்விட்டுச் சொல்லித் தருவதில்லை.

வரிசையை மாற்றிப் பாருங்கள். அகரவரிசைப்படி க, கா, கி, கீ, கு, கூ என்று ஒரே மூச்சில் ஓடவேண்டியதில்லை. முதலில் துணைக்கால் (கா). பிறகு மேல்விலங்கு (கி, கீ). மூன்றாவது ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு (கெ, கே, கை). ஒரு வாரம் கழித்து, கொம்பும் காலும் சேர்ந்த கொ, கோ. உகரம் தனி வேலை. அதில் உருவம் மூன்று கூட்டமாகப் பிரிகிறது: பு, சு, யு, வு போல நேராகக் கீழே இறங்குபவை, கு, டு, மு, ரு, ழு, ளு போலச் சுழிபவை, து, நு, ணு, லு, று, னு போலக் கீழே போய் வளைந்து மேலே ஏறுபவை. கூட்டம் கூட்டமாகத் தந்தால் நாளுக்கு ஐந்து எழுத்து பிடிபடும். ‘கு சு டு து’ என்று கலந்து தந்தால் ஒன்றும் நிற்காது.

கொம்புக்கு ஒரு சறுக்கு அட்டை செய்யுங்கள். அடி அட்டை 20 செ.மீ. நீளம், 9 செ.மீ. உயரம், தினக் காலண்டரின் பின்னட்டை போதும். நடுவில் 5 செ.மீ. அகலத்துக்குத் தாள் பை ஒட்டுங்கள். அதில் க, ப, ம என்று எழுத்து அட்டையை மாற்றி மாற்றிச் செருகலாம். பைக்கு இடப்பக்கம் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கிடைக்கீறல். இரண்டுக்கும் நடுவே 5 செ.மீ. வலப்பக்கமும் அப்படியே. கீறலின் நீளம் 5.3 செ.மீ. அதில் ஓடும் பட்டை 5 செ.மீ. அகலம். கீறலும் 5 என்று வெட்டினால் பட்டை சிக்கிக் கிழியும். 6 என்றால் எழுத்து கோணலாக நிற்கும். பட்டைக்குக் காலண்டர் அட்டை ஆகாது, வளையாது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை சரியான தடிமன். இடப் பட்டையில் நான்கு கட்டம்: வெற்று, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு. வலப் பட்டையில் இரண்டு: வெற்று, கால். மேலும் கீழும் பிடித்து இழுக்க 3 செ.மீ. விடுங்கள்.

பயன்படுத்தும் விதம்தான் முக்கியம். குழந்தை முதலில் நடு எழுத்தைத் தொட்டு ‘க்’ என்று சொல்ல வேண்டும். பிறகு இடப்பக்கம் தொட்டு ‘எ’. இரண்டையும் சேர்த்து ‘கெ’. படிக்கும்போது விரல் நடுவிலிருந்து இடம் போகிறது. எழுதும்போது மட்டும் கொம்பு முதலில். இந்த இரண்டும் வேறு வேறு என்பதை நீங்களே உரக்கச் சொல்லுங்கள். ‘கொ’வுக்கு விரல் நடுவில் தொடங்கி, இடம் போய், வலம் வர வேண்டும். வலப்பக்கக் கட்டம் வெற்றா, காலா என்று முதலில் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் ‘கெகாடி’ நின்றுவிடும்.

கௌவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கடையில் விற்கும் அட்டைகளிலும் நாமே கணினியில் அடித்ததிலும் பல நேரம் கொம்புக்காலுக்குப் பதில் ‘ள’ நிற்கும். அச்சில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். குழந்தை அதை ‘கெள’ என்று படித்தால் தப்பு அட்டையில்தான். கௌ வரும் சொல் ஒன்றாம் வகுப்பில் அபூர்வம், அவசரமே இல்லை.

கேள்வி: பேத்திக்கு இடக்கைப் பழக்கம். விஜயதசமிக்குப் பச்சரிசியில் வலக்கை விரலைப் பிடித்துத்தான் எழுத வைத்தோம். இப்போது சிலேட்டை இடக்கையால் எழுதுகிறாள். மாற்றலாமா?
– ஒரு தாத்தா, செங்கோட்டை

பதில்: மாற்ற வேண்டாம், ஐயா. அரிசியில் எழுதியது ஆசீர்வாதம், அது எந்தக் கையிலும் செல்லும். செய்ய வேண்டியது மூன்று. பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். இல்லையேல் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு நாள் முழுக்கச் சண்டை. பென்சிலை நுனியிலிருந்து 3 செ.மீ. மேலே பிடிக்கட்டும். அப்போதுதான் எழுதியது கண்ணுக்குத் தெரியும். நோட்டின் இடது மேல்மூலை உயர்ந்திருக்கும்படி வலப்பக்கமாகச் சற்றுச் சாய்த்து வையுங்கள். எழுதியதைக் கையே அழித்துவிடுவதால் சிலேட்டைவிடத் தாளும் பென்சிலும் இவளுக்கு வசதி. எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல் திருப்பி எழுதுவது இந்த வயதில் வலக்கைப் பிள்ளைகளிடமும் உண்டு, அதை இடக்கையின் குற்றமாக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் பிள்ளைகள் நூறு வரை பாட்டு மாதிரி ஒப்பிக்கிறார்கள். ஆனால் ஏழு விதை எடு என்றால் கைநிறைய அள்ளித் தருகிறார்கள். ‘இருபத்து மூன்று’ எழுதச் சொன்னால் 203 என்று எழுதுகிறார்கள்.
– தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர், வண்டிப்பெரியாறு

பதில்: இவை இரண்டு தனி நோய், ஒரே மருந்து கிடையாது.

முதலாவது, ஒப்பிப்பது எண்ணுவது ஆகாது. எண்ண மூன்று திறமை வேண்டும்: ஒரு பொருளுக்கு ஒரு சொல், எண்ணியதை எண்ணாததிலிருந்து பிரித்து வைத்தல், கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்ற தெளிவு. எங்கே இடிக்கிறது என்று பார்க்க, 8 புளியங்கொட்டையை வட்டமாக வையுங்கள். தொடங்கிய இடத்தைத் தாண்டி எண்ணிக்கொண்டே போனால் இரண்டாவதில் கோளாறு. எண்ணிய ஒவ்வொன்றையும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லுங்கள். எண்ணி முடித்தபின் ‘மொத்தம் எத்தனை?’ என்றால் மறுபடி முதலிலிருந்து எண்ணினால் மூன்றாவதில் கோளாறு. இதற்கு 30 முட்டை வைக்கும் அட்டையில், ஐந்து குழிகள் கொண்ட இரண்டு வரிசையை வெட்டி எடுங்கள். பத்துக் குழி. ஏழு போட்டால் மேல்வரிசை நிறைந்து கீழே இரண்டு. சில நாளில் எண்ணாமலே ‘ஏழு’ என்பார்கள்.

விதையில் கவனம். சிவப்பில் கறுப்புப் பொட்டு உள்ள குன்றிமணியை (உங்கள் பக்கம் குன்னிக்குரு) வகுப்புக்குள்ளேயே விடாதீர்கள். மென்று விழுங்கினால் கடும் நஞ்சு. முழுச் சிவப்பான மஞ்சாடி வேறு விதை, குழப்பிக்கொள்ள வேண்டாம். எந்த விதையானாலும் மூக்கிலும் காதிலும் போகும், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். அதுவும் கணக்குப் பாடம்தான்.

இரண்டாவது, 203. குழந்தை ‘இருபது’ என்று கேட்டு 20 எழுதியது, ‘மூன்று’ என்று கேட்டு 3 எழுதியது. சொன்னதை எழுதியிருக்கிறது, பாவம். தமிழ் எண்பெயர் நமக்கு நல்ல துணை: பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும் என்று சொல்லே காட்டிக்கொடுக்கிறது. தென்னை ஈர்க்குச்சியை 8 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள், கூர் முனையைத் தரையில் தேய்த்து மழுக்குங்கள். தலைக்கு 30 குச்சி, மூன்று ரப்பர் பேண்டு. கட்டு போடுவது பிள்ளையின் கையாலேயே நடக்க வேண்டும். நாம் கட்டித் தந்த கட்டு அதற்கு ஒரு தடித்த குச்சி, அவ்வளவுதான். பத்தானதும் கட்டு, எடுக்க வேண்டி வந்தால் அவிழ்.

பிறகு மேலடுக்கு அட்டை: 10, 20 முதல் 90 வரை 10 செ.மீ. அகலத்தில் ஒன்பது, 1 முதல் 9 வரை 5 செ.மீ. அகலத்தில் ஒன்பது. உயரம் ஒரே அளவு. இரண்டு கட்டும் மூன்று குச்சியும் வைத்தபின் 20 அட்டையை எடுத்து, அதன் பூஜ்யத்தின் மேல் 3-ஐ வைத்தால் 23. ‘பூஜ்யம் எங்கே போச்சு?’ என்று கேளுங்கள், 3-ஐத் தூக்கிக் காட்டுவார்கள். அந்த நிமிடத்தில்தான் 203 உதிரும். தொண்ணூறுக்கு மட்டும் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். அதில் ‘நூறு’ காதில் விழுவதால் 89-க்குப் பிறகு நேராக 100-க்குத் தாவுவார்கள். மலையாளத்திலும் அதே தொண்ணூறுதான், அங்கிருந்தும் உதவி வராது.

கேள்வி: மகன் சிலேட்டுக்குச்சியைத் தின்கிறான். மிளகாய் தடவினேன், நிற்கவில்லை.
– ஒரு தாய், மீனாட்சிபுரம்

பதில்: மிளகாயை நிறுத்துங்கள், கண்ணில் படும். மண், சாக்பீஸ், பல்பம் தின்பது பல நேரம் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். வயிற்றில் பூச்சியும் காரணமாகலாம். பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாளில் தரும் மாத்திரையை அன்று பள்ளிக்குப் போகாமல் விட்டுவிட்டானா என்று விசாரியுங்கள். 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்றாக இளஞ்சிவப்பு இரும்பு மாத்திரை அரசுத் திட்டத்தில் உண்டு. டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். அதுவரை எழுதுவதற்குத் தாளும் பென்சிலும்.

கேள்வி: தினமும் நான்கு பக்கம் வீட்டுப்பாடம். பை 4 கிலோ. இரவு ஒன்பதுக்கு அழுதுகொண்டே எழுதுகிறாள். இல்லாவிட்டால் பின்தங்கிவிடுவாள் என்கிறார்கள்.
– ஒரு தாய், களியக்காவிளை

பதில்: 2018 நவம்பரில் மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கை, ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது என்றும், பையின் எடை 1.5 கிலோவைத் தாண்டக்கூடாது என்றும் அப்போது சொன்னது. அதே ஆண்டு சென்னை உயர்நீதிமன்றமும் இந்த இரு வகுப்புகளின் வீட்டுப்பாடத்துக்குத் தடை சொன்னது. பெற்றோர் கூட்டத்தில் சண்டையாக இல்லாமல் இதைச் சொல்லிப் பாருங்கள். வீட்டுத் தராசில் பையை நிறுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

ஆறு வயது விரலில் நான்கு பக்கம் எழுதும் வலு இல்லை. இரண்டாம் பக்கத்திலிருந்து எழுத்து கோணுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோணல் வடிவமே பழகிப்போகும். அதற்குப் பதில் சப்பாத்தி மாவு உருட்டட்டும், துணி கிளிப் மாட்டட்டும், அவரைக்காய் நார் உரிக்கட்டும். பென்சில் பிடிக்கும் அதே மூன்று விரல் வேலை செய்கிறது. பென்சிலையே 6 செ.மீ. துண்டாகக் கொடுத்தால் முஷ்டியால் பிடிக்க முடியாது, விரல் தானாகச் சரியான இடத்துக்கு வரும்.

படிப்புக்குப் பத்து நிமிடம் போதும். உங்கள் ஊரில் அது தெருவிலேயே கிடக்கிறது: தமிழ்நாட்டு பஸ்ஸில் தமிழ்ப் பலகை, கேரள பஸ்ஸில் மலையாளப் பலகை. தமிழ்ப் பலகையில் ‘நாகர்கோவில்’ வந்தால் அவள் பெயரில் உள்ள எழுத்து ஏதாவது அதில் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். மலையாளப் பலகையைப் படிக்க வேண்டாம், இது தமிழ் இல்லை என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மட்டும் கேளுங்கள். வளைவு, புள்ளி, கோடு என்று அவளே விளக்குவாள். நாகர்கோவிலில் ர், ல் இரண்டின் தலையிலும் புள்ளி இருக்கிறது. அது ஏன் என்று அவள் கேட்டால், மறுநாள் மெய்யெழுத்தைத் தொடங்கலாம்.